லிகிதா இல்லாத நாற்பத்தைந்து நொடி

செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றே முக்காலுக்குப் பிரவல்லிகாவின் போனில் ஒரு செய்தி வந்தது. “விளம்பரத்துல இருந்து என் முகத்தை எடுத்துடு. ஒரு இடத்துலகூட வரக் கூடாது. ப்ளீஸ், காரணம் கேக்காதே.”

அனுப்பியவள் லிகிதா. அந்த விளம்பரத்தில் நடித்திருந்ததே லிகிதா ஒருத்திதான்.

பிரவல்லிகா அதை மூன்று முறை படித்தாள். எதிரே திரையில் லிகிதாவின் முகம் அப்படியே உறைந்து நின்றது. பஸ் ஜன்னலோரம், மடியில் எலுமிச்சைக் கன்று, வாய்விட்டுச் சிரிக்கும் சிரிப்பு. படத்தை முடித்து, வண்ணத்தைச் சரிசெய்து, கடைசியாக ஒருமுறை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாலை நாலு மணிக்குள் கல்லூரியின் ஊடகத் துறைக் கணினியில் ஏற்றிவிட வேண்டும். மறுநாள் காலை திரையிடல். வகுப்பில் ஐந்து குழுக்கள். குழுவுக்கு ஒரு உள்ளூர் வியாபாரம். நாற்பத்தைந்து நொடியில் ஒரு விளம்பரம். அந்தப் பருவத்து மதிப்பெண்ணில் பாதி இதில்தான் இருந்தது.

லிகிதாவுக்குப் போன் போட்டாள். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டாள். இந்த முறை இரண்டாவது மணியிலேயே துண்டிக்கப்பட்டது.

“டேய் தனுஞ்ஜய், இங்க வா.”

தனுஞ்ஜய் வாசலில் நின்று யாரிடமோ பேசிக்கொண்டிருந்தான். குழுவுக்கு அவன்தான் இயக்குநர். படப்பிடிப்பில் தொப்பி போட்டுக்கொண்டு ‘ஆக்‌ஷன்’ சொன்னதைத் தவிர என்ன செய்தான் என்று கேமராக்காரன் இம்மானுவேல் கேலி செய்வான். ஆனாலும் கடியம் போய் நர்சரிக்காரர் சத்திபாபுவிடம் பேசிச் சம்மதிக்க வைத்ததும், கதையை யோசித்ததும் அவன்தான். ஒரு பெண் நர்சரியில் ஒரு கன்று வாங்குகிறாள். அதை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வருகிறாள், கோதாவரியில் லாஞ்சு ஏறி அக்கரை போகிறாள், மொட்டைமாடியில் விரிசல் விட்ட வாளியில் நடுகிறாள். கடைசியில் ஒரு வரி: ‘வீட்டுக்கு ஒருத்தரைக் கூட்டிட்டுப் போங்க.’ அவ்வளவுதான் படம்.

செய்தியைப் படித்ததும் தனுஞ்ஜய்க்கு முகம் சிவந்தது. “விளையாடுறாளா? முகத்தை எடுத்துட்டா என்ன மிச்சம்? வாளியா?”

“போனை எடுக்க மாட்டேங்கிறா.”

“சம்மதப் பத்திரத்துல கையெழுத்துப் போட்டிருக்கால்ல? அப்புறம் என்ன? அப்படியே ஏத்திடு. நாளைக்குப் பாத்துக்கலாம்.”

“நீ ஏத்துவியா?”

“நீதானே எடிட்டர்?”

“அதான் கேக்குறேன். என் கையால ஏத்தச் சொல்றே.”

அதற்குள் கதவைத் தட்டினார்கள். எடிட்டிங் அறையில் ஆறு கணினிகள் இருந்தும் வீடியோவைத் தாங்குபவை இரண்டுதான். மற்றொன்றில் காலையிலிருந்தே செருப்புக்கடைக் குழு உட்கார்ந்திருந்தது. எந்தக் குழுவுக்கு எந்த நேரம் என்று கதவில் தாள் ஒட்டியிருந்தார்கள். பன்னிரண்டிலிருந்து ஒன்றரை வரை பிரியாணிக்கடை விளம்பரக் குழு. அவர்கள் ஐந்து நிமிடம் முன்னாலேயே வந்து, நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

“ஒன்றரைக்கு மேல எங்களுக்குக் குடுங்கடா. சத்தியமா அவசரம்.”

“எங்களுக்கு மட்டும் அவசரம் இல்லையா? இன்னும் கோழியே வேகல” என்றான் ஒருவன். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள்.

பிரவல்லிகா வேலையைச் சேமித்துவிட்டு வெளியே வந்தாள். ஒன்றரை மணி நேரம் சும்மா நிற்க அவளால் முடியாது. இம்மானுவேலின் ஸ்கூட்டரை வாங்கிக்கொண்டு லிகிதாவின் வீட்டுக்குக் கிளம்பினாள்.

“நானும் வரட்டா?” என்றான் இம்மானுவேல். அன்று காலையிலிருந்தே அவன் அவ்வளவாகப் பேசவில்லை.

“வேணாம். நீ இந்த நாற்காலியைப் பாத்துக்கோ. எவனும் கூடுதலா அஞ்சு நிமிஷம் உக்காரக் கூடாது.”

ராஜமுந்திரி தானவாயிபேட்டையில் லிகிதாவின் வீடு. வாசலில் பந்தல் போட்ட குழிகள் இன்னும் மூடப்படவில்லை. பத்து நாள் முன்னால்தான் நிச்சயதார்த்தம் நடந்திருந்தது. மாப்பிள்ளை பணீந்திராவுக்கு டல்லாஸில் வேலை, சொந்த ஊர் தணுகு. நிச்சயதார்த்தத்துக்கு வந்துவிட்டு நாலாம் நாளே திரும்பிப் போய்விட்டான். பரீட்சை முடிந்து வைகாசியில் கல்யாணம்.

கதவைத் திறந்த லிகிதாவின் அம்மா முகம் மலர்ந்தாள். “வாம்மா, வா. சாப்பிட்டியா? வெயில்ல வந்திருக்கியே.” உட்கார வைத்து, தட்டில் இரண்டு பூதரேக்குலு கொண்டுவந்து வைத்தாள். தணுகுக்காரர்கள் கொண்டுவந்த இனிப்பு. பிரவல்லிகாவுக்குச் சாப்பிட நேரமில்லை. ஆனாலும் ஒன்றை எடுத்தாள். மெல்லிய தாள் போல இருந்த அது விரலிலேயே உடைந்து மடியெல்லாம் உதிர்ந்தது.

“ஆன்ட்டி, லிகிதா…”

“மாடியில இருக்கா. நானே உனக்குப் போன் பண்ணலாம்னு இருந்தேன்.” அம்மா குரலைத் தாழ்த்தினாள். “கோவிச்சுக்காதேம்மா. அது காலேஜ் சமாசாரம்தானே? அங்க கொஞ்சம், இங்க கொஞ்சம் வெட்டிட்டா ஆச்சு. நீதான் கம்ப்யூட்டர்ல எல்லாம் பண்ணுவியாமே.”

“முழுக்க அவதான் ஆன்ட்டி வர்றா.”

“அதான் சொல்றேன். முழுக்க அவளே எதுக்கு? செடியைத்தானே விக்கிறாங்க? செடியைக் காட்டினாப் போதாதா?”

பிரவல்லிகா மாடிக்குப் போனாள்.

லிகிதா கட்டிலில் சம்மணமிட்டு உட்கார்ந்து துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

“காரணம் கேக்காதேன்னு சொன்னேன்ல?”

“கேக்கல. நாலு மணிக்குள்ள எப்படி முடிக்கிறதுன்னுதான் கேக்க வந்தேன்.”

லிகிதா ஒரு துப்பட்டாவை நாலாக மடித்தாள். “இம்மானு அவன் ஸ்டேட்டஸ்ல பத்து நொடி போட்டிருக்கான். பஸ்ல நான் சிரிக்கிறது. தணுகுல பணீந்திராவோட சித்தி பையன் ஒருத்தன் இம்மானுவோட பழைய ஸ்கூல் ஃப்ரெண்டு. அவன் அதை வீட்டுல காட்டியிருக்கான். நேத்து பணீந்திராவோட அம்மா எங்க அம்மாவைக் கூப்பிட்டு, எங்க வீட்டுக்கு வரப்போற பொண்ணு செடி விக்கிற விளம்பரத்துல பல்லைக் காட்டுறதான்னு கேட்டாங்களாம்.”

“பணீந்திரா என்ன சொன்னான்?”

“ஒண்ணும் சொல்லல.”

“நீ?”

“நானும் ஒண்ணும் சொல்லல.” இப்போதுதான் நிமிர்ந்தாள். கண்ணில் ஈரம் எதுவும் இல்லை, எரிச்சல்தான் இருந்தது. “என்னடி அப்படிப் பாக்கிறே? உனக்கென்ன, திரைக்குப் பின்னாடி உக்காந்திருக்கே. எவனும் உன் பல்லை எண்ணப் போறதில்ல.”

பிரவல்லிகாவுக்குக் கோபம் சுர்ரென்று ஏறியது. இந்தப் பாத்திரத்துக்காக லிகிதா எவ்வளவு நச்சரித்தாள் என்பது அவளுக்குத் தெரியும். தனுஞ்ஜய் வேறு பெண்ணைப் போடலாம் என்றபோது ஒரு வாரம் அவனோடு பேசாமல் இருந்தவள். அதைச் சொல்லிக் காட்ட வாயைத் திறந்தாள். பிறகு கீழே பாத்திரம் வைக்கும் சத்தம் கேட்டது. அம்மா படியடியில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று புரிந்தது.

“சரி. எடுத்துடுறேன்” என்று சொல்லிவிட்டு இறங்கினாள். ஸ்கூட்டரைத் திருப்பும்போது, மடியில் உதிர்ந்த இனிப்புத் தூளின் மேல் எறும்பு ஏறியிருந்தது.

ஒன்றரைக்கு எடிட்டிங் அறைக்குள் நுழைந்தபோது இம்மானுவேல் பிரியாணிக்காரர்களை ஏற்கெனவே எழுப்பிவிட்டிருந்தான். பிரவல்லிகா உட்கார்ந்ததும் நேராகக் கேட்டாள்.

“ஸ்டேட்டஸ் போட்டது நீயா?”

அவன் முகம் இறங்கியது. “அழகா இருந்துச்சுன்னு போட்டேன். இப்படி ஆகும்னு நினைக்கல. காலையிலதான் அந்தப் பையன் சொன்னான். எடுத்துட்டேன்.”

“சரி, போய் தண்ணி கொண்டு வா.”

அவனைத் திட்ட நேரமில்லை. மொத்தம் இருபத்து நாலு காட்சித் துண்டுகள். லிகிதா தெரியாதவை ஐந்து. எல்லாம் சேர்த்து ஒன்பது நொடி. மிச்சம் முப்பத்தாறு நொடிக்கு எங்கே போவது?

முதலில் முகத்தை மட்டும் மங்கலாக்கிப் பார்த்தாள். எலுமிச்சைக் கன்றோடு ஒரு குற்றவாளி பஸ்ஸில் போவது போல இருந்தது.

“கன்று திருடின கேஸ்” என்றான் தனுஞ்ஜய். யாரும் சிரிக்கவில்லை.

பிறகு படத்தைப் பெரிதாக்கி, முகம் சட்டத்துக்கு வெளியே போகும்படி வெட்டினாள். கழுத்தில்லாத உடல் ஒன்று நடந்தது. அதையும் அழித்தாள். கால் தரையில் தாளம் போட்டுக்கொண்டே இருந்தது. பக்கத்துக் கணினியில் செருப்புக்கடைக் குழு ஒரே பாட்டை நூறாவது முறையாக ஓட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பாட்டு மண்டைக்குள் ஆணி அடித்தது.

“மேடம்கிட்ட ஒரு நாள் அவகாசம் கேக்கலாமா?” என்றான் இம்மானுவேல்.

“விஜயகௌரி மேடமா? போன வருஷம் ஒருத்தன் கையை உடைச்சுக்கிட்டு வந்தான். இன்னொரு கை இருக்குல்லன்னு கேட்டாங்க” என்றான் தனுஞ்ஜய்.

இரண்டு மணி பத்து. பிரவல்லிகா வெட்டிப் போட்ட குப்பையைத் திறந்தாள். எடுத்த நூற்று நாற்பத்து மூன்று துண்டுகளில் பயன்படாதவை எல்லாம் அங்கே கிடந்தன. கேமராவை நிறுத்த மறந்து ஓடியவை, கை தவறி விழுந்தவை, இம்மானுவேல் குறிபார்ப்பதற்காக எடுத்தவை. ஒவ்வொன்றாக ஓட்டினாள்.

ஒன்றில் கேமரா பஸ் இருக்கையில் வைக்கப்பட்டிருந்தது, யாரோ மறந்துவிட்டிருந்தார்கள். கன்றின் இலைகள்தான் திரை முழுக்க. இலைகளுக்குப் பின்னால் ஜன்னல், தென்னை மரங்கள், கால்வாய். இலை நடுங்கிக்கொண்டே போனது. இன்னொன்றில் லாஞ்சின் தகரத் தளத்தில் லிகிதாவின் நிழலும் கன்றின் நிழலும் ஒன்றாக விழுந்து, தலையில் செடி முளைத்த ஒருத்தி உட்கார்ந்திருப்பது போல இருந்தது. ஒன்றில் அவள் கை மட்டும். கன்று சாயாமல் இருக்க அதன் தண்டை இரண்டு விரலால் பிடித்திருந்தது. கரையேறும்போது பின்னலில் ஒரு இலை ஒட்டிக்கொண்டிருந்தது இன்னொன்றில்.

“கேமராவைக் கன்று உயரத்துல வெச்சுட்டா?” என்றாள், தனக்குத்தானே.

“என்ன?”

“கன்றுதான் போகுது. அவ அதைக் கூட்டிட்டுப் போற ஆள். அது கண்ணுல என்ன தெரியும்? இவளோட கை, மடி, பின்னல். முகம் மேல இருக்கு, தெரியாது.”

தனுஞ்ஜய் குனிந்து பார்த்தான். அவன் எதையும் சட்டென்று ஒத்துக்கொள்பவன் இல்லை. ஒரு நிமிடம் தாடையைத் தடவினான். “ஓட்டு” என்றான்.

 அடுத்த ஒரு மணி நேரம் இம்மானுவேல் துண்டு எண்ணைச் சொல்லச் சொல்ல, அவள் இழுத்துப் போட்டாள். மூன்று மணி இருபதுக்கு நாற்பத்து மூன்று நொடி தேறிவிட்டது. படம் ஓடியது, ஒட்டியது. ஆனால் நடுவில் உயிரில்லை. பஸ் காட்சியில் கண்டக்டர் வருவார். அவர் சட்டைக்கை தெரியும். பிறகு ஒன்றும் நடக்காது.

பழைய படத்தில் அங்கேதான் அந்தச் சிரிப்பு இருந்தது. அது யாரும் எழுதியதல்ல. டிக்கெட் கொடுக்கக் குனிந்த கண்டக்டரின் கையில் எலுமிச்சை முள் குத்திவிட்டது. அவர் கையை உதறிக்கொண்டு, “இதுக்கும் ஒரு டிக்கெட் எடும்மா. சும்மா வரல இது, குத்திக்கிட்டு வருது” என்றார். லிகிதா நடிக்க வேண்டியதை மறந்து சிரித்தாள். மூன்று நொடிச் சிரிப்பு. இடையில் பன்றி உறுமுவது போல ஒரு சத்தம் வேறு வரும். வகுப்பில் அந்தச் சத்தத்துக்காகவே அவளைச் சிரிக்க வைப்பார்கள்.

பிரவல்லிகா படத்தை விட்டுவிட்டு ஒலியை மட்டும் எடுத்தாள். நடுங்கும் இலைகளை இரண்டு நொடி நீட்டி, அவற்றின் மேல் அந்த ஒலியை வைத்தாள். கண்டக்டரின் குரல், பிறகு சிரிப்பு. இலைகள் குலுங்கின. பஸ் குலுக்கியதுதான், ஆனால் கன்றே சிரிப்பது போல இருந்தது.

மூன்று பேரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“முகத்தைத்தானே எடுக்கச் சொன்னா?” என்றான் தனுஞ்ஜய்.

“கேட்டுடுறேன்.” பிரவல்லிகா போனை எடுத்தாள். “முகம் எங்கேயும் இல்ல. பஸ்ல உன் சிரிப்புச் சத்தம் மட்டும் இருக்கட்டுமா?” என்று எழுதி அனுப்பினாள்.

மூன்று முப்பத்தொன்றுக்கு இரண்டு குறிகளும் நீலமாயின. லிகிதா படித்துவிட்டாள். பதில் வரவில்லை. மூன்று முப்பத்தைந்து. நாற்பது. ‘எழுதிக்கொண்டிருக்கிறார்’ என்று ஒருமுறை காட்டியது, மறைந்தது. படத்தை ஒரே கோப்பாக்க கணினிக்குப் பத்து நிமிடமாவது வேண்டும்.

“வேணாம்னா வேணாம்னு சொல்லியிருப்பா” என்றான் தனுஞ்ஜய்.

“சரின்னா சரின்னு சொல்லியிருப்பாளே.”

“ஏதாவது ஒண்ணு பண்ணு. மணியைப் பாரு.”

பொத்தானை அழுத்தினாள். பட்டை ஊர்ந்தது. எழுபத்தெட்டு சதவீதத்தில் நின்றுவிட்டது. இம்மானுவேல் சிலுவைக்குறி போட்டுக்கொண்டான். பிரவல்லிகா எழுந்து அறையின் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடந்தாள். செருப்புக்கடைக் குழுவினர்கூடத் தங்கள் பாட்டை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். பட்டை மறுபடி நகர்ந்தது. மூன்று ஐம்பத்தாறுக்குப் படம் துறையின் கணினிக்குள் போய்விட்டது.

போனைப் பார்த்தாள். லிகிதாவிடமிருந்து ஒன்றும் இல்லை.

மறுநாள் காலை பத்தரைக்கு கருத்தரங்க அறை நிறைந்திருந்தது. விசாகப்பட்டினத்தில் விளம்பர நிறுவனம் நடத்தும் சேஷகிரி என்பவர் நடுவராக வந்திருந்தார். நர்சரி சத்திபாபு, பட்டுக்கரை வேட்டி கட்டி, மனைவியையும் மச்சினியையும் கூட்டிக்கொண்டு முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். லிகிதா கடைசி வரிசையில், கதவோரம். பிரவல்லிகா திரும்பிப் பார்த்தபோது அவள் வேறெங்கோ பார்த்தாள்.

அவர்களுடையது மூன்றாவது படம். இருட்டில் எலுமிச்சை இலைகள் நடுங்கத் தொடங்கின. கண்டக்டரின் வசனத்துக்கு அறை கலகலத்தது. அடுத்து அந்தச் சிரிப்பு வந்தது, பன்றி உறுமலோடு. வகுப்பு மொத்தமும் ஒரே நேரத்தில் பின்னால் திரும்பியது.

விளக்கு போட்டார்கள். சேஷகிரி மைக்கை வாங்கினார். “கடைசி வரைக்கும் முகத்தைக் காட்டாம விட்டீங்க பாருங்க, அது ரொம்பத் துணிச்சல். பெரிய கம்பெனிக்காரங்களே பயப்படுவாங்க. யாரோட யோசனை?”

தனுஞ்ஜய் எழுந்தான். வார்த்தை அவனுக்கு எப்போதும் தயாராக இருக்கும். “சார், ஆரம்பத்துலயே முடிவு பண்ணிட்டோம் சார். கன்றுதான் கதாநாயகி. முகம் இருந்தா பாக்குறவங்க முகத்தைத்தான் பாப்பாங்க…”

பிரவல்லிகா அவன் சட்டை நுனியைப் பிடித்து இழுத்தாள். அவன் நிறுத்தவில்லை.  

“எடிட்டர் யாரு? நீங்க சொல்லுங்க” என்றார் சேஷகிரி.

அவள் எழுந்தாள். “முகம் இருந்துச்சு சார். அந்தப் படம்தான் இதைவிட நல்லா இருந்துச்சு. எடுக்கச் சொன்னாங்க, எடுத்தோம்.”

தனுஞ்ஜய் அவள் காலை மிதித்தான். விஜயகௌரி மேடத்தின் கண்ணாடி அவள் பக்கம் திரும்பியது. “யார் எடுக்கச் சொன்னது?”

 யாரென்று சொல்லத் தனக்கு உரிமை இல்லை என்பது எழுந்து பேசிய பிறகுதான் பிரவல்லிகாவுக்கு உறைத்தது.

அப்போது சத்திபாபு எழுந்தார். “நான் சொல்லலைங்க. நான் அந்தப் பொண்ணு வருதுன்னுதாங்க வீட்டுல எல்லாரையும் கூட்டிட்டு வந்தேன். எங்கேங்க அது? எங்க தோட்டத்துல நாள் பூரா வெயில்ல நின்னுச்சுங்களே.”

“நான்தான் சார் சொன்னேன்.” குரல் கதவோரத்திலிருந்து வந்தது. லிகிதா எழுந்து நின்றிருந்தாள். “வீட்டுல ஒரு விஷயம். அதனால எடுக்கச் சொன்னேன்.”

 சேஷகிரி தொண்டையைச் செருமினார். “சரிம்மா, உக்காருங்க” என்று மெதுவாகச் சொல்லிவிட்டு மைக்கை மேடத்திடம் கொடுத்தார். அடுத்த படம் ஓடியது. பிரியாணியிலிருந்து ஆவி பறந்தது. யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை.

இடைவேளையில் லிகிதா பிரவல்லிகாவைப் படிக்கட்டில் பிடித்தாள்.

“முகத்தை எடுன்னா குரலை விட்டிருக்கே. ஊருக்கே தெரியும் அது யாருன்னு.”

“கேட்டேனே. பாத்துட்டுச் சும்மா இருந்தே.”

“என்ன சொல்றதுன்னு தெரியாமச் சும்மா இருந்தேன்டி! உடனே சரின்னு எடுத்துக்குவியா?”

“வேணாம்னு எடுத்துக்கிட்டா அதையும் நீ கேப்பே.”

லிகிதா கைப்பிடிச் சுவரில் சாய்ந்தாள்.  கீழே சத்திபாபுவின் மனைவி டீ வாங்கிக்கொண்டே மாடியை அண்ணாந்து பார்த்து, மச்சினியிடம் ஏதோ காட்டினாள்.

“அந்த முதல் படம் இருக்கா?” என்று கேட்டாள் லிகிதா.

“இருக்கு.”

“நான் இன்னும் பாக்கவே இல்ல.”

எடிட்டிங் அறை காலியாகக் கிடந்தது. பிரவல்லிகா கோப்பைத் திறந்தாள். லிகிதா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள். மறுபடி ஓட்டச் சொன்னாள். மூன்றாவது முறை பஸ் காட்சி வந்தபோது, “இவ்வளவு கேவலமாவா சிரிக்கிறேன்?” என்றாள்.

“ரொம்ப நாளா.”

“அனுப்பு எனக்கு.”

போனுக்கு வந்ததும், தயங்காமல் அதைப் பணீந்திராவுக்கு அனுப்பினாள். கீழே ஒரே வரி: ‘இதுல என்ன தப்புன்னு நீயே சொல்லு.’ அங்கே நள்ளிரவாக இருக்கும்; தூங்கியிருப்பான் என்று பிரவல்லிகா நினைத்தாள். ஆனால் குறிகள் உடனே நீலமாயின. எழுதினான். நிறுத்தினான். மறுபடி எழுதினான். இரண்டு பேரும் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். லிகிதா நகத்தைக் கடித்தாள்.

பதில் வந்தது. லிகிதா அதை உரக்கப் படித்தாள். “ரொம்ப நல்லா இருக்கு. அம்மா கண்ணுல மட்டும் படாமப் பாத்துக்கோ.”

“நல்லவனாத்தான் இருக்கான்” என்றாள் பிரவல்லிகா.

“ஆமா, நல்லவன்.” லிகிதா போனைக் கவிழ்த்து வைத்தாள். கொஞ்ச நேரம் திரையில் நின்றிருந்த தன் முகத்தையே பார்த்தாள். பிறகு எழுந்தாள். “சத்திபாபு கிளம்பிட்டாரா பாரு. அவருக்குக் குடுக்க வேண்டியது இந்தப் படம்தான்.”

“லிகிதா, அவர் கடையில போட்டுக் காட்டுவாரு. கடியம் வழியாத்தான் தணுகு போகணும்.”

“தெரியும்.”

சத்திபாபு அதை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. அந்த வாரமே நெடுஞ்சாலையோரக் கடை முகப்பில் ஒரு பெரிய டிவியை மாட்டி, காலை முதல் மாலை வரை ஓடவிட்டார். கன்று வாங்க வந்தவர்கள், அந்தப் பொண்ணு வாங்கின எலுமிச்சை எது என்று கேட்டார்களாம். ஒன்பதாவது நாள் தணுகிலிருந்து ராஜமுந்திரி நகைக்கடைக்கு வந்துகொண்டிருந்த பணீந்திராவின் அம்மா, காரை நிறுத்தி இறங்கி, வெயிலில் நின்று இரண்டு முறை பார்த்தாள். கடைக்காரர் ஆசையாக நாற்காலி போட்டுக் கொடுத்தார். அவள் உட்காரவில்லை.

அன்று மாலையே லிகிதாவின் வீட்டில் பேச்சு நடந்தது. தணுகுக்காரர்கள் நர்சரியிலிருந்து படத்தை எடுத்துவிடச் சொன்னார்கள். லிகிதாவின் அப்பா எடுத்துவிடலாம் என்றார். லிகிதா, எல்லோருக்கும் காபி கொடுத்துவிட்டு, அந்தத் தட்டோடு நின்றபடியே மாட்டேன் என்று சொன்னாளாம். கத்தவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, “நல்லா இருக்கு, அதனால” என்றாளாம். பணீந்திரா அங்கிருந்து அம்மாவிடமும் பேசினான், இவளிடமும் பேசினான்; இருவரிடமும் அவரவர் சொல்வதுதான் சரி என்றான். சங்கராந்திக்கு முன்னால் நிச்சயதார்த்தத் தாம்பாளங்கள் திரும்பி வந்துவிட்டன; கல்யாணம் நின்றுபோனது. சண்டையில்லை, சத்தமில்லை.

செய்தி தெரிந்ததும் பிரவல்லிகா அவள் வீட்டுக்குப் போனாள். அம்மா கதவைத் திறந்தாள். உட்காரச் சொல்லவில்லை. “மேல இருக்கா” என்று மட்டும் சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டாள்.

லிகிதா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். தலையணை நனைந்திருந்தது. துணிந்து பேசியவள் தலை நிமிர்ந்து உட்கார்ந்திருப்பாள் என்று எண்ணித்தான் பிரவல்லிகா வந்திருந்தாள். கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தாள்.

“அன்னைக்கு நான் எழுந்து வாயைத் திறந்திருக்கக் கூடாது. சிரிப்பையும் விட்டிருக்கக் கூடாது.”

“ஏன், இதையும் உன் பேர்ல எழுதிக்கப் போறியா?” லிகிதா திரும்பவில்லை.  “சத்திபாபுவுக்குக் குடுக்கச் சொன்னது நான். நீ சும்மா இரு.”

“சரி.”

“எனக்கு அவனைப் பிடிச்சிருந்துச்சுடி. யாருமே அதைக் கேக்க மாட்டேங்கிறீங்க. அப்பா திட்டுறாரு. காலேஜ்ல எல்லாரும் கை குடுக்குறாங்க. தினம் ஒரு மணி நேரம் பேசுவான். எவ்வளவு நல்லாப் பேசுவான் தெரியுமா?”

பிரவல்லிகாவுக்குத் தெரியாது. அவள் லிகிதாவின் முதுகில் கை வைத்தாள். எடுத்துவிடலாமா என்று தோன்றியது. எடுக்கவில்லை. கீழே குக்கர் விசில் அடித்தது. இரண்டாவது விசிலும் வந்தது.

பிரவல்லிகாவின் போன் அதிர்ந்தது. தனுஞ்ஜய். அடுத்த பருவத்துக்கு மூன்று நிமிட ஆவணப்படமாம். இன்றைக்கே குழுப்பெயர்களைக் கொடுக்க வேண்டுமாம். ‘அவளையும் சேர்த்துக்கிறதா? எப்படிக் கேக்குறது?’ என்று எழுதியிருந்தான்.

பிரவல்லிகா படித்துவிட்டுப் போனை மறைக்கப் பார்த்தாள். லிகிதா அதற்குள் புரண்டு படித்துவிட்டாள். எழுந்து உட்கார்ந்து, முடியை அள்ளி முடிந்துகொண்டாள்.

“பேரைப் போடச் சொல்லு. வேலைக்குத் திங்கக்கிழமை வர்றேன். அதுவரைக்கும் யாரும் என்னைக் கூப்பிடாதீங்க.”

முகம் கழுவக் குளியலறைக்குப் போனாள். குழாய்ச் சத்தம் வெகுநேரம் கேட்டது. பிரவல்லிகா, ‘பேரைப் போடு. திங்கக்கிழமை’ என்று எழுதி அனுப்பிவிட்டு, அவள் வெளியே வரும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.